ஓசூர் லேத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை: ஏர்கூல்டு பீட்டிலைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் முழுமையான வழிகாட்டி

என் மேசைமேல் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முழுவதும் அலுமினியம் இளகி, தோசைக் கல்லில் இழுத்த மாவைப்போல் கோடு கோடாகப் படிந்திருக்கிறது. என் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் மூன்றாம் சிலிண்டரில் இருந்து எடுத்தது. இரட்டை கார்புரேட்டர், புதிய கேம் ஷாஃப்ட், பெரிய பேரல் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் குழாய்) எல்லாவற்றுக்கும் செலவழித்தேன். இன்ஜின் அறையைச் சுற்றி ஓடும் ரப்பர் சீலில் ஒரு கையளவு கிழிந்திருந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டேன். சூடான காற்று அந்த இடைவெளி வழியாக மேலேறி மீண்டும் ஃபேனுக்குள் போனது. முதல் முழுவேக ஓட்டத்தின் ஆறாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் பழைய ஏர்கூல்டு (தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் இன்ஜின் உள்ள) கார் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைத் தடத்தில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பீட்டிலையே எடுத்துக்கொள்கிறேன். 1938இல் தொடங்கி 2003 ஜூலையில் மெக்சிகோவின் பூப்லாவில் கடைசி வண்டி இறங்கும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. பிரேசிலில் இதே இன்ஜின் வகை கொம்பி வேனில் 2005 இறுதிவரை இருந்தது. அதனால்தான் இன்றும் புதிய பேரல், ஹெட், கிராங்க் எல்லாம் கிடைக்கின்றன. வேறு எந்த ஏர்கூல்டு காருக்கும் நம் ஊரில் இந்த வசதி இல்லை.

முதலில் காரையும் காகிதத்தையும் பாருங்கள்

இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் பதிவுச் சான்றோடு பொருந்தி, உடல் தகடு கெடாமல் இருக்கும் பீட்டில் உங்கள் கையில் இருந்தால் அதை வெட்டாதீர்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வாகனங்களை விண்டேஜ் வாகனமாக 'விஏ' எழுத்துகளோடு பதிவு செய்யலாம். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்துவிட்டால் அந்தத் தகுதி போய்விடும். பந்தயத்துக்கு வேண்டியது தரை துருப்பிடித்த, இன்ஜின் இல்லாத, யாரும் சீண்டாத கூடுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்திலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே பந்தயக் கார் சாலையில் ஓடாது, டிரெய்லரில்தான் போகும் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். இருக்கும் பதிவை என்ன செய்வது என்பதை வண்டி பதிவாகியிருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி டிஎன் 24, தர்மபுரி டிஎன் 29, ஓசூர் டிஎன் 70. "ராத்திரியில் தொப்பூர் கணவாயில் ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அந்த இறக்கத்தில் எத்தனை லாரிகள் பிரேக் இழந்திருக்கின்றன என்று தர்மபுரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பாட்டரிக்குக் கீழுள்ள தரை, கதவுக்கு அடியில் ஓடும் ஹீட்டர் குழாய், முன் ஆக்சில் பொருந்தும் இடம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தரை போயிருந்தால் டிங்கர் புதுத் தகடு வைத்துவிடுவார். முன் ஆக்சில் இடம் போயிருந்தால் வேறு கூடு தேடுங்கள். சக்கர போல்ட்டுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் 205 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட், 1968 மாடலுக்குப் பிறகு 130 மி.மீ. வட்டத்தில் நான்கு. ரிம் தேடும்போது இந்த ஒரு விவரம் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

எந்த அளவு இன்ஜின்

கடைசிக்காலத் தொழிற்சாலை இன்ஜின் 1,584 சி.சி.: 85.5 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 69 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). இரட்டைத் துளை ஹெட்டோடு நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 50 குதிரைத் திறன். இதிலிருந்து மேலே போகப் பல வழிகள் உண்டு. 87 மி.மீ. பேரல் போட்டால் 1,641 சி.சி. கிடைக்கும், கேஸில் (கிராங்க் சுழலும் இன்ஜின் கூட்டில்) எதையும் கடையவே வேண்டாம். எளிதாக இருக்கிறதே என்று பலர் இதை எடுக்கிறார்கள். அந்தப் பேரலின் சுவர் மெல்லியது. சூடேறினால் வட்டம் கோணும். பந்தயத்துக்கு அது ஆகாது.

முதல் இன்ஜினுக்கு நான் பரிந்துரைப்பது 90.5 மி.மீ. பேரல், 69 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 1,776 சி.சி. சுவர் தடிமனாக இருக்கும். கேஸையும் ஹெட்டையும் சற்றே கடைந்தால் போதும். மிதமான கேம், 40 மி.மீ. இரட்டை கார்புரேட்டர், 40 மி.மீ. இன்டேக் வால்வும் 35.5 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வும் உள்ள ஹெட் சேர்ந்தால் 80 முதல் 100 குதிரைத் திறன்வரை எதிர்பார்க்கலாம். ஏறக்குறைய 800 கிலோ காருக்கு அது தாராளம். 94 மி.மீ. பேரல், 82 மி.மீ. ஸ்ட்ரோக் என்று 2,276 சி.சி. கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வலிமைப்படுத்திய கியர் பெட்டியும் வெளி ஆயில் கூலரும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். இன்ஜின் பெரிதானால் வெப்பமும் பெரிதாகும். ஃபேன் மட்டும் அதேதான்.

ஓசூரில் செய்ய வேண்டிய வேலை

நம் மாவட்டத்துக்கு ஒரு வரம் உண்டு. சிப்காட் வந்த பிறகு ஓசூரில் வளர்ந்த லேத் பட்டறைகளும் கிரைண்டிங் கடைகளும் மைக்ரான் கணக்கில் வேலை செய்து பழகியவை. பெரிய வாகன ஆலைகளுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் கை அது. உங்கள் வேலை, அவர்களுக்குச் சரியான அளவை எழுதிக் கொடுப்பது. வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். ஒரு முறை வேறொரு ஊரில் பேரல் அமரும் துளையை வாய்மொழியில் சொல்லிவிட்டு வந்தேன். நான்கில் ஒன்று தளர்வாகக் கடையப்பட்டுத் திரும்பியது. அந்தக் கேஸை இப்போது கதவுக்கு முட்டாக வைத்திருக்கிறேன்.

இந்த கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை. இது லேத்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நான் முதல் கேஸைக் கொண்டுபோனபோது, பட்டறையில் இருந்த பெரியவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அலுமினியம் இல்லை. எடை வேறு மாதிரி இருக்கிறது" என்றார். மெக்னீசியம் என்றேன். உடனே பையனைக் கூப்பிட்டு லேத்துக்குக் கீழே கிடந்த பழைய சுருள்களைப் பெருக்கச் சொன்னார். ஒரு சட்டி நிறைய உலர்ந்த மணலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் சீறும்" என்று சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தை ஓடவிட்டார். மெல்லிய மெக்னீசியச் சுருள் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் தீ பெருகும். கூர்மையான டூல், குறைந்த வேகம், அடிக்கடி பெருக்குதல், பக்கத்தில் உலர் மணல்: இந்த நான்கையும் கேட்காமலே செய்கிற பட்டறையில் மட்டும் கேஸைக் கொடுங்கள்.

கேஸில் செய்ய வேண்டியவை இவை. மெயின் பேரிங் அமரும் வரிசையை அளந்து, தேய்ந்திருந்தால் நேராகக் கடைய வேண்டும். ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட் துளைகளில் இரும்பு மறை வைக்க வேண்டும். வெறும் மெக்னீசிய மறை சூட்டில் பிய்ந்து வரும். பேரல் துளையை 90.5-க்குத் திறக்க வேண்டும். முழு ஆயிலும் வெளி வடிகட்டி வழியாகப் போய்வரும்படி துளையிட்டு மறையெடுக்க வேண்டும். தொழிற்சாலை இன்ஜினில் ஒரு கம்பி வலைதான் உண்டு, உண்மையான வடிகட்டி கிடையாது.

கிராங்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. மூலக் கிராங்க்கில் எதிர் எடைகள் இல்லை. 5,000 சுற்றைத் தாண்டித் தொடர்ந்து ஓட்டினால் அது வளைந்து நடு பேரிங்கை அடித்துக் குழிவாக்கும். எதிர் எடையுள்ள கிராங்க், எட்டு டவல் பின் (ஃபிளைவீல் வழுக்காமல் பிடிக்கும் முளை), எடை குறைத்த ஃபிளைவீல், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து பேலன்ஸ். இந்தச் செலவில் கைவைக்காதீர்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இன்னொரு வசதி, கிரானைட். கிரானைட் அறுக்கும் இடத்தில் ஒரு மெருகேற்றிய துண்டு கேட்டு வாங்குங்கள். அது அளவைக் கூடத்துக் கல் அல்ல, துல்லியமான அளவெடுக்க அதை நம்பக் கூடாது. ஆனால் அதன்மேல் 400 எண் நீர்த்தாளை ஒட்டி, பேரலின் அடிப்பகுதியையும் ஆயில் பம்ப் மூடியையும் எட்டு வடிவில் தேய்த்தால், உயர்ந்து நிற்கும் இடங்கள் பளபளத்துத் தெரியும். கேஸ்கெட் கசிவுகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேஸை மூடுவது

இரண்டு பாதிகளுக்கு நடுவே கேஸ்கெட் கிடையாது, இறுகிப்போகாத சீலன்ட் மெல்லிய பூச்சாக மட்டும். பெரிய ஆறு நட்டுகளுக்கு 34 நியூட்டன் மீட்டர், சிறியவற்றுக்கு 20. ஒவ்வொரு நட்டையும் இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எந்த நட்டுக்குப் பிறகு பிடிக்கிறதோ அங்கேதான் பிழை. பெரும்பாலும் பேரிங் ஷெல் டவல் பின்மேல் சரியாக உட்கார்ந்திருக்காது. கட்டாயப்படுத்தாமல் மீண்டும் திறந்து பாருங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூன்று முறை திறந்து மூட வேண்டியிருந்தது.

கிராங்க்கின் முன்பின் அசைவு 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அளந்து, எப்போதும் மூன்று ஷிம் (மெல்லிய இடைவளையம்) போடுங்கள். ஃபிளைவீல் நட்டுக்கு 300 நியூட்டன் மீட்டர் வேண்டும். அவ்வளவு பெரிய டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், ஒரு மீட்டர் நீளக் குழாயைப் படுக்கை நிலையில் மாட்டி அதன் முனையில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய அதே அளவு வரும்.

அழுத்த விகிதத்தைக் கணக்குப் போட்டே தீர வேண்டும்

கிட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஹெட்டைப் போடாமல் பேரலை மட்டும் குழாய்த் துண்டுகளாலும் நட்டாலும் அழுத்திப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பேரல் விளிம்புக்கும் பிஸ்டன் தலைக்கும் உள்ள ஆழத்தை நான்கு சிலிண்டரிலும் அளந்து எழுதுங்கள். 1 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. நான் 1.27 வைக்கிறேன். பிறகு ஹெட்டின் எரியறையில் மருந்துக்கடை சிரிஞ்சால் எண்ணெய் விட்டு கொள்ளளவை அளந்துகொள்ளுங்கள்.

ஒரு சிலிண்டர் வீச்சு (பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு) 443.9 சி.சி. 1.27 மி.மீ. ஆழத்துக்கு 8.2 சி.சி. எரியறை 50 சி.சி. என்றால் மேலே மிஞ்சும் இடம் 58.2. வீச்சோடு இதைக் கூட்டினால் 502.1. அதை 58.2 ஆல் வகுத்தால் 8.6. பங்க் பெட்ரோலில் ஓடும் ஏர்கூல்டு இன்ஜினுக்கு நான் தாண்டாத எல்லை இது. பத்து வைத்து ஓட்டுகிறவர்கள் குளிர் நாட்டில் ஓட்டுகிறார்கள். நமக்கு மே மாத வெயில் இருக்கிறது. அறையைச் சற்றுக் கடைந்து 55 சி.சி. ஆக்கினால் விகிதம் 8.0 ஆகும். முதல் இன்ஜினுக்கு அதுவும் நல்லதே.

காற்று: பணத்தைவிடப் பொறுமை அதிகம் கேட்கும் இடம்

தண்ணீர் இன்ஜினில் ரேடியேட்டர் தவறை மன்னிக்கும். இதில் மன்னிப்பு இல்லை. ஃபேன் கிராங்க்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சுற்றி, காற்றை அள்ளிச் சிலிண்டர்மேல் தள்ளுகிறது. அந்தக் காற்று ஃபின்களுக்கு (சிலிண்டரிலும் ஹெட்டிலும் உள்ள மெல்லிய தகடு வரிசைக்கு) நடுவே நெருக்கமாகப் போனால்தான் சூடு இறங்கும். சந்து கிடைத்தால் அது சந்து வழியாகத்தான் போகும்.

புது ஹெட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வார்ப்பின்போது படிந்த உலோகத் தோல் ஃபின்களுக்கு நடுவே பல துளைகளை மூடியிருக்கும். குறிப்பாக பிளக்குக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நடுவே. மெல்லிய அரமும் நீண்ட டிரில் பிட்டும் கொண்டு அவற்றைத் திறக்க வேண்டும். ஒரு ஹெட்டுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. வெளிச்சம் மறுபுறம் தெரியும்வரை விடக் கூடாது. குதிரைத் திறன் ஒன்றுகூட இதனால் ஏறாது. ஆனால் ஏறிய குதிரைத் திறனைத் தாங்குவது இந்த வேலைதான்.

அடுத்தது பேரல்களுக்குக் கீழே வரும் சிறிய வளைதகடுகள். பழைய இன்ஜின்களில் இவை காணாமல் போயிருக்கும். "அது எதற்கு, தேவையில்லை" என்று சொல்வார்கள். தேவை. மேலிருந்து வரும் காற்று பேரலின் அடிப்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போவது அவற்றால்தான். பிறகு ஃபேன் கூட்டுக்கும் சிலிண்டர் கவசத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிகள், பிளக் ஒயரின் ரப்பர் மூடிகள், இன்ஜின் அறையின் சுற்றுச் சீல். இரவில் வேலை செய்யுங்கள். இன்ஜின் அறைக்குள்ளே எரியும் பல்பை வைத்துவிட்டு, காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே சூடான காற்று ஏறும். என்னுடைய மூன்றாம் பிஸ்டனைக் கொன்ற கிழிசல் இந்தச் சோதனையில் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மூன்றாம் சிலிண்டர் மட்டும் ஏன்? பழைய அமைப்பில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள், அந்தச் சிலிண்டருக்கு நேர் மேலே நிற்கிறது. அதற்குப் போக வேண்டிய காற்றைக் கூலர் முதலில் வாங்கிக்கொள்கிறது. 1971 மாடலில் கூலரைத் தள்ளி, தனிக் கூண்டில் வைத்தார்கள். அந்தக் கூண்டு அமைப்பு உங்கள் இன்ஜினில் இல்லையென்றால், கேம் வாங்கும் முன் அதை வாங்குங்கள். கூடவே ஃபேன் வைத்த வெளி ஆயில் கூலர் ஒன்று, கூடுதலாக ஒன்றரை லிட்டர் பிடிக்கும் ஆழமான சம்ப் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஒன்று. மூல இன்ஜினில் வெறும் இரண்டரை லிட்டர் ஆயில்தான். நீண்ட வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி ராக்கர் மூடிக்குள் நிறைந்தால், பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும்.

ஆயில் வெப்பமானி, அழுத்தமானி, ஹெட் வெப்பமானி மூன்றும் டாஷ்போர்டில் கண்ணுக்கு நேரே இருக்கட்டும். ஹெட் வெப்ப உணரியை மூன்றாம் பிளக்கின் கீழ் வையுங்கள். ஆயில் 120 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துக் குழிக்கு (தடத்தோரம் காரை நிறுத்திப் பார்க்கும் 'பிட்'டுக்கு) வந்துவிடுங்கள். ஃபேன் பெல்ட் அறுந்தால் டைனமோவின் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தால் எண்ணாமல் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

கார்புரேட்டரும் நம் ஊர் மேடும்

நடுவில் ஒரே கார்புரேட்டர் வைப்பதைவிட இரு பக்கமும் ஒன்று வைப்பது நல்லது. வெபர் 40 ஐடிஎஃப் அல்லது டெல்லார்ட்டோ 40 டிஆர்எல்ஏ போதும். எரிபொருள் அழுத்தம் 3 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஓசூரில் கச்சிதமாக டியூன் செய்த இன்ஜினை டிரெய்லரில் ஏற்றி, சென்னைக்கு அருகே கடல் மட்டத்தை ஒட்டிய உயரத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இறக்கினால், காற்று கனமாகி, பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை சூடாக எரியும். ஓசூரில் 130 மெயின் ஜெட் (பெட்ரோல் பாயும் துளை) சரியென்றால் அங்கே 135 போட்டுத் தொடங்குங்கள். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 500 மீட்டர் அளவில் இருப்பதால் அங்கே வித்தியாசம் பாதிதான். இருந்தாலும் ஜெட் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவையை மெலிய வைக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் தரும் ஜெட் எண்கள் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கானவை. அவற்றிலிருந்து குறைந்தது ஒரு எண் கூட்டுங்கள். பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் ஊறி வெடிப்பு விடும், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஓட்டம் முடிந்தால் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே பெட்ரோல் வடிகட்டியைத் தொங்கவிடும் பழக்கம் பல பீட்டில்களை எரித்திருக்கிறது. வடிகட்டி கியர் பெட்டிக்குப் பக்கத்தில் கீழே இருக்கட்டும். பழைய சோலெக்ஸ் கார்புரேட்டர் வைத்திருந்தால் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாயை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம், மறையெடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட்

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றுங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. எரியும் வரிசை 1-4-3-2. புது கேம் என்றால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. 2,000 முதல் 2,500 சுற்றில் இருபது நிமிடம் பிடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் கேமும் டாப்பெட்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் பதமாகும். துத்தநாகம் கூடுதலாக உள்ள 20டபிள்யூ50 ஆயில் போடுங்கள். இன்றைய பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய ஆயில் இதற்குப் பொருந்தாது. பிறகு ஸ்ட்ரோப் விளக்கு வைத்து, 3,000 சுற்றுக்கு மேல் மொத்த முன்னேற்றம் (பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பொறி விழும் கோணம்) 28 முதல் 30 டிகிரிக்குள் நிற்கும்படி டைமிங்கை வையுங்கள்.

பின்சக்கரம் மடங்கும் கதை

பழைய பீட்டிலின் பின் ஆக்சில் கியர் பெட்டியில் மட்டும்தான் மடங்கும். வளைவில் வேகமாகப் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டால் பின்பகுதி எழும்பி, வெளிச் சக்கரம் உள்பக்கமாக மடங்கி, கார் கவிழும் அளவுக்குப் போகும். இதை அடக்க மூன்று வேலைகள் உண்டு. பின்பகுதியைத் தாழ்த்தி, சக்கரத்தின் மேல்முனை சற்று உள்ளே சாயும்படி ஒன்று முதல் இரண்டு டிகிரி வைக்க வேண்டும். ஆக்சில் ஓர் அளவுக்கு மேல் கீழே தொங்காதபடி கட்டுப் பட்டை போட வேண்டும். இரு ஆக்சிலையும் கீழே இணைக்கும் கேம்பர் வில் பொருத்த வேண்டும்.

டார்ஷன் பாரின் (சுருள்வில்லுக்குப் பதிலாக முறுகித் தாங்கும் கம்பியின்) உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44 பல். உள்ளே ஒரு பல் ஒரு திசையிலும் வெளியே ஒரு பல் எதிர்த்திசையிலும் நகர்த்தினால் ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றம் கிடைக்கும். இரு பக்கமும் கோணமானி வைத்து ஒரே கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பகுதியைத் தாழ்த்தினால் காஸ்டர் (முன்சக்கர அச்சின் பின்சாய்வு) குறைந்து நேர் ஓட்டத்தில் கார் அலையும், அதற்கு ஆக்சில் அடியில் ஷிம் உண்டு.

முன்னே டிஸ்க் பிரேக், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். பின்னே டிரம்மே போதும்.

உயிரைக் காக்கும் கூண்டு

கார் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டில் (ரோல் கேஜ்) சிக்கனம் கூடாது. எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) விதிப்படி பிரதான வளையத்துக்குக் குளிர்நிலையில் இழுத்த, தையல் இல்லாத இரும்புக் குழாய் வேண்டும். 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவரும், அல்லது 50 விட்டமும் 2 சுவரும். கேட் செய்ய விற்கும் வெல்டிங் தையல் குழாய் அடி பட்டால் தையலோடு பிளக்கும். பாதங்களுக்குக் கீழே 3 மி.மீ. தகடு, ஒவ்வொன்றும் 120 சதுர செ.மீ., மூன்று எம்8 போல்ட். பீட்டிலின் தரை மெல்லியது, அந்தத் தகடு இல்லையென்றால் கூண்டு தரையைக் குத்திக்கொண்டு இறங்கும். பெட்ரோல் தொட்டி உங்கள் கால்களுக்கு முன்னால் இருக்கிறது என்பதை மறக்காமல், தொட்டிக்கும் உங்களுக்கும் நடுவே இரும்புத் தடுப்பு வையுங்கள். மின்சாரத்தை மொத்தமாக அணைக்கும் சுவிட்சு வெளியிலிருந்தும் எட்ட வேண்டும்.

ஹெல்மெட், தீத்தடுப்பு உடை, பல்முனை பெல்ட், கழுத்துக் காப்பு ஆகியவற்றில் காலாவதி தேதி பாருங்கள். போட்டியில் இறங்க எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) உரிமமும் மருத்துவச் சான்றும் வேண்டும். கார் கட்டத் தொடங்கும் முன்பே அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பதிவிறக்கி, உங்கள் காருக்கு எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று பாருங்கள். கார் முடிந்த பிறகு பிரிவு தேடிய நண்பர் ஒருவர் ஹெட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

தடத்தில்

கிருஷ்ணகிரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். முந்தைய நாள் மாலையே போய்ச் சேருங்கள். தடம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். தர்மபுரிக்காரர்களுக்குக் கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் கைக்கெட்டும் தூரம்தான். 2.1 கிலோமீட்டர் என்பதால் புது இன்ஜினுக்கு அது இதமானது. இரண்டிலும் பயிற்சி நாளில் தொடங்குங்கள், போட்டியில் அல்ல.

முதல் மூன்று சுற்று பாதி வேகம். பிரேக்கை நேர்கோட்டிலேயே முடித்துவிட்டு, மெதுவாக வளைவில் நுழைந்து, நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடியுங்கள். எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவே பயந்து காலை எடுத்தால் பின்பகுதி உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். முன்சக்கரம் வழுக்கினால் பொறுத்திருங்கள், வேகம் குறைந்ததும் அதுவே பிடிக்கும். ஐந்தாறு சுற்றுக்கு ஒரு முறை ஹெட் வெப்பமானியைப் பார்த்து, 200 டிகிரியை நெருங்கினால் ஒரு சுற்று மெதுவாகப் போய்விட்டு வாருங்கள்.

குழிக்கு வந்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். நிறுத்திய கணமே ஃபேனும் நின்றுவிடும், ஹெட்டில் உள்ள சூடு போக இடமில்லாமல் வால்வு வழிகாட்டிகளுக்குள் இறங்கும். பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்க் காபி நிறம் என்றால் சரி. வெள்ளையாக, மினுமினுப்பாக இருந்தால் ஜெட்டை ஏற்றாமல் அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, வால்வு இடைவெளிகள் எட்டையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏதாவது ஓர் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குறைந்துகொண்டே வந்தால், அந்த வால்வின் தண்டு நீள்கிறது என்று அர்த்தம். சரிசெய்து ஓட்டத்தைத் தொடர்ந்தால் தலை முறிந்து பிஸ்டனில் விழும். என் நோட்டில் மூன்றாம் எக்ஸாஸ்ட் 0.15, 0.13, 0.10 என்று மூன்று வாரம் இறங்கியிருந்தது. நான்காவது வாரம் ஓட்டவில்லை, ஹெட்டைக் கழற்றினேன். வால்வின் கழுத்தில், தலைக்குச் சற்று மேலே, நகத்தால் தடவினால் உணரும் அளவுக்கு ஒரு இடுப்பு விழுந்திருந்தது.